ஐம்பது கெல்வினில் ஒரு மேடு

"இன்று என்ன நடந்தது?" என்று வீட்டில் கேட்பார்கள். "ஒன்றும் நடக்கவில்லை" என்பேன். எங்கள் வேலையில் அது நல்ல சேதி என்பதை விளக்குவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

காந்தப் பொருளைக் குளிர்வித்தால் அதன் ஸ்பின்கள், அதாவது எலக்ட்ரான்களின் நுண்காந்தங்கள், ஏதோ ஒரு கட்டத்தில் அணிவகுத்து உறைந்துவிடும். குவாண்டம் ஸ்பின் திரவத்தில் அந்த உறைதல் வருவதே இல்லை. முக்கோணத்தின் இரு முனைகளில் இரண்டு ஸ்பின்கள் எதிரெதிராக நின்றால், மூன்றாவது யாருக்கு எதிராக நிற்கும்? அந்த இழுபறியே ஒழுங்கைக் கலைத்துவிடும் என்று 1973இல் சொன்னவர் இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சன்.

செம்பு அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் கோத்த சட்டகங்களில் இதைத் தேடும் குழுவில் சேர்ந்தேன். ஹெக்ஸாஹைட்ராக்ஸிட்ரைஃபெனிலீன் என்ற கரிம மூலக்கூறை இணைப்பியாகக் கொண்ட செம்புச் சட்டகத்தில், முக்கோணங்கள் முனைதொட்டு நிற்கும், கூடைப் பின்னல் போன்ற காகோமே அமைப்பில் செம்பு அமர்ந்திருக்கிறது. தனிச்சுழி வெப்பநிலையை ஏறக்குறையத் தொடும் 38 மில்லிகெல்வின் வரை ஸ்பின்கள் ஒழுங்குபடவில்லை என்று 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இணைப்பியை மாற்றினால் செம்புகளுக்கு இடையிலான தூரத்தையே மாற்றலாம். கனிமங்களில் இவ்வளவு சுதந்திரம் ஏது? ஆனால் கைக்கு வருவது கருப்புத் தூள்தான். நியூட்ரான் சோதனைக்கு ஏற்ற பெரிய படிகம் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் கரிமப் பகுதியிலுள்ள ஹைட்ரஜன் இரைச்சலைக் கிளப்பும்.

அந்தத் தூளை மருந்துக் கேப்ஸ்யூலில் அடைத்து, குளிர்பானம் உறிஞ்சும் ஸ்ட்ராவில் செருகி, மிகச் சிறிய காந்தத்தன்மையையும் அளக்கும் ஸ்குவிட் காந்தமானிக்குள் இறக்குவோம். அவ்வளவு விலையுயர்ந்த கருவிக்குள் ஸ்ட்ரா போவதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். எஃகு இடுக்கியால் தூளைத் தொடக்கூடாது, இரும்புத் துகள் ஒட்டிக்கொள்ளும் என்ற பாடத்தை மட்டும் முதல் நாளே மனப்பாடம் செய்துவிட்டேன்.

என் முதல் மாதிரியில், வெப்பநிலையோடு காந்தத்தன்மை மாறுவதைக் காட்டும் வளைகோடு 50 கெல்வின் அருகே சிறு மேடாக எழுந்தது. நள்ளிரவு. காந்த ஒழுங்கு என்று முடிவுகட்டி, இந்தச் சேர்மம் ஸ்பின் திரவமல்ல என்று இரண்டு பக்கக் குறிப்பும் எழுதிவைத்தேன். காலையில் மூத்த ஆய்வாளர் திரையை அரை நிமிடம் பார்த்தார்.

"கேப்ஸ்யூலில் ஓட்டை போட்டீர்களா?"

"இல்லை, மேடம்."

"அப்படியானால் நீங்கள் காற்றைத்தான் அளந்திருக்கிறீர்கள்."

ஆக்சிஜனும் காந்தத்தன்மை கொண்டது. அது அந்த வெப்பநிலையை ஒட்டித்தான் உறைகிறது. எங்கள் சட்டகமோ துளை நிறைந்தது, கடற்பஞ்சு போலக் காற்றைப் பிடித்துவைத்திருந்தது. தூளை வெற்றிடத்தில் சூடாக்கி, கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி, ஹீலியத்தால் அலசி மறுபடி அளந்தேன். மேடு மறைந்துவிட்டது. வெட்கம் மறைய இன்னும் சில நாள் ஆயிற்று.

பிறகுதான் மெய்யான தலைவலி. 10 கெல்வினுக்குக் கீழே வளைகோடு செங்குத்தாக ஏறியது: அடுக்குகள் பிசகிய இடங்களில் தனித்து நிற்கும் செம்புகளின் வேலையாக இருக்கலாம். அந்தக் குறைபாடுகளே ஒழுங்கைக் கலைத்து, ஸ்பின் திரவம் போல வேடம் போடவும் கூடும். இட்டெர்பியம் சேர்மம் ஒன்றைச் சுற்றி இதே சர்ச்சை எழுந்து, கொண்டாட்டம் தணிந்ததைப் படித்திருந்தேன். காந்தப்புலமின்றிக் குளிர்வித்த கோடும் புலத்தில் குளிர்வித்த கோடும் பிரியாமல் போகின்றனவா என்று பார்த்தோம்; பிரிந்தால் ஸ்பின்கள் தாறுமாறாக உறைந்ததற்கு அடையாளம். பிரியவில்லை. கருவி இறங்கும் 1.8 கெல்வின் வரை அது சரி. அதற்குக் கீழே செல்ல வேறொரு ஆய்வகத்தின் குளிர்விப்பானுக்காக வரிசையில் நிற்கிறோம்.

என் பதிவேட்டில் அந்த இரண்டு பக்கங்களைக் கிழிக்கவில்லை. மேலே சிவப்பு மையில் "காற்று" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.