விடியற்காலை அளவு

நம் பள்ளியின் சுற்றுச்சூழல் அறிவியல் ஆசிரியர், நம் சார், காலமான செய்தி இதற்குள் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். அவரிடம் படித்தவர்களுக்குக் குளக்கரை வகுப்பு என்றாலே போதும், விளக்கத் தேவையில்லை.

குளத்து நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க, பொழுது விடியும் முன் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை நீர் எடுக்கவேண்டும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவெல்லாம் பாசியும் மீனும் நுண்ணுயிர்களும் அதைச் சுவாசித்துத் தீர்க்கும். நண்பகலில் மட்டும் அளந்துவிட்டுக் குளம் நலம் என்பவரை சார் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

குப்பிக்குள் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டதும் பழுப்பு வீழ்படிவு மெல்ல அடியில் இறங்கும். ஆக்சிஜன் அற்ற நீரென்றால் வெள்ளையாகவே நின்றுவிடும். அமிலம் விட்டால் தெளிந்து மஞ்சளாகும். பிறகு பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து தயோசல்பேட் கரைசல் சொட்டுச் சொட்டாக இறங்க, ஸ்டார்ச் தந்த நீலம் ஒரே சொட்டில் மறையும். அதுவரை செலவான கரைசலின் அளவுதான் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும். 1888-இல் வேதியியலாளர் விங்க்ளர் வகுத்த முறை அது. 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் தாங்குவது லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன். கழிவுநீர் கலந்து பாசி பெருத்த வருடம் எங்கள் விடியற்காலை அளவு 2-க்குக் கீழே போனது. மீன்கள் செத்து மிதந்தபோது யாரும் எங்களுக்குக் காரணம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஒற்றை நாள் அளவை அவர் பெரிதாக மதித்ததில்லை. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் விஞ்ஞானி கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. விடாமல் அளந்ததால்தான் அதன் ஏற்றம் உலகுக்குத் தெரிந்தது என்று அந்த வளைகோட்டைக் கரும்பலகை நிறைய வரைவார். 2013-இல் அங்கே 400-ஐத் தாண்டிய செய்தியைப் படித்ததும் அவருக்குத்தான் எழுதினேன். பதிலோடு குளத்தின் அந்த மாத அளவுகளும் வந்தன. ஓய்வு பெற்ற பின்னும், வலிக்கும் முழங்காலோடு, அவரே கரையிறங்கி அளந்துகொண்டிருந்தார்.

இங்கே நீர் ஆய்வகத்தில் நான் பார்க்கும் வேலை அவர் போட்ட பிச்சை. மின்முனையை நீரில் இறக்கினால் நொடிகளில் அளவு தெரிகிறது. ஆனால் குப்பி பிடிக்க அவர் பழக்கிய கைகளில் பெரும்பாலானவை கடல் கடந்துவிட்டன. நம் குளக்கரையில் கூடநின்று பிடிக்க ஆள் இல்லை. இதை நினைக்காமல் ஒரு நாளும் நான் வேலையைத் தொடங்குவதில்லை.

அவர் பெயரில் கேடயம் வழங்க நம் முன்னாள் மாணவர் சங்கம் யோசிப்பதாக அறிகிறேன். அந்தப் பணத்தில் குப்பிகளும் வேதிப்பொருட்களும் வாங்கிப் பள்ளிக்கு அனுப்புவோம். அளவுக் குறிப்பேடுகள் அவர் மகளிடம் பத்திரமாக இருக்கின்றன. பள்ளி கேட்டால் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.