வாடகை வீட்டுக்கு ஒரு ஜோடி முயல்

பிரிட்டனில் முயல் தத்தெடுக்கப் போனால், விலங்கு நல அமைப்பான ஆர்எஸ்பிசிஏ உட்படப் பெரும்பாலான மீட்பு மையங்கள் பழகிய ஜோடியாகத்தான் தரும். ஒற்றை முயல் வேண்டுமென்றால் வீட்டில் துணைக்கு இன்னொரு முயல் இருக்க வேண்டும். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறாள், ஒன்று போதுமே என்று போகும் நம்மவர்களுக்கு இது வீண் பிடிவாதமாகத் தெரியும். ஆனால் முயல் கூட்டமாக வாழும் பிராணி. ஒன்று தின்னும்போது மற்றது காதை நிமிர்த்திக் காவல் இருக்கும், முகத்தை நக்கிவிடும், ஒட்டிப் படுத்துத் தூங்கும். அந்த இணக்கத்தை மையத்தில் இருப்பவர்கள் நாள்கணக்காக, சில சமயம் வாரக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்து உண்டாக்குகிறார்கள். அது கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் தத்தெடுப்பவரின் முதல் வேலை.

கருத்தடை செய்த ஆணும் பெண்ணும்தான் பெரும்பாலும் சண்டையில்லாமல் நிலைக்கும் ஜோடி. கருத்தடைச் சான்று, தடுப்பூசி அட்டை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடென்றால் அதற்கு முன்பே உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். மையமும் அந்தக் கடிதத்தைக் கேட்கும். இங்கிலாந்தில் 2026 மே முதல் வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் உரிமையாளர் மறுக்க முடியாது.

கடையில் விற்கும் மரக்கூண்டு தூங்கத்தான் ஆகும், வாழ ஆகாது. பிரிட்டனின் முயல் நலச் சங்கம் ஒரு ஜோடிக்குச் சொல்லும் குறைந்தபட்ச இட அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். அந்த இடம் முழுவதும் இரவு பகல் எந்நேரமும் முயல்களுக்குக் கிடைக்க வேண்டும். வீட்டுக்குள் என்றால் நாய்க்குட்டிகளுக்கு விற்கும் மடக்குக் கம்பி வேலியால் ஓர் அறையின் மூலையை அடைத்துவிடலாம். லேமினேட் தரையில் கால் வழுக்கும், பாய் விரியுங்கள். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி வைத்தால் இரண்டு பக்கமும் வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் இருந்தால் ஒன்று உள்ளே மாட்டிக்கொள்ளும், சண்டை அங்கேதான் தொடங்கும். சார்ஜர் வயரைப் பல்லுக்கு எட்டவிடாதீர்கள். பூஜை அறை பக்கத்தில் இருந்தால் ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை அந்தப் பக்கம் போகாமல் கதவைச் சாத்துங்கள். முயலின் சுவாசப்பாதை புகையைத் தாங்காது.

உணவில்தான் நம் வீடுகளில் அதிகம் தவறு நடக்கிறது. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். நார்ப்புல்லை ஓயாமல் அரைத்தால்தான் தேயும், குடலும் அதனால்தான் ஓடும். ஆகவே உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திமோதி போன்ற உலர்புல்லாக இருக்கட்டும். ஒவ்வொரு முயலுக்கும் அதன் உடம்பளவு குவியல் தினமும் போட வேண்டும். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், உணவுக்கு ஆகாது. பெல்லெட் எனும் கடைத் தீவனக் குச்சி, முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம். கொத்தமல்லி, புதினா தாராளமாகத் தரலாம். கேரட் சின்னத் துண்டு, அதுவும் எப்போதாவது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ கூடவே கூடாது. மிஞ்சிய சோறு, இட்லி, ரொட்டி எதுவும் வேண்டாம், பாட்டி எவ்வளவு ஆசையாகக் கொடுத்தாலும். மையத்தில் தின்ற அதே பெல்லெட்டை வாங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு கெடும்.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. தின்பதை நிறுத்தினால் குடல் நின்றுவிடும். வாயு சேர்ந்து வலி கூடும், வலியால் இன்னும் தின்னாது. அரை நாள் எதுவும் தின்னவில்லை, புழுக்கை விழவில்லை என்றால் அது அவசரம். காலை வரை காத்திருக்காமல் இரவிலேயே மருத்துவரைக் கூப்பிடுங்கள். முயல் பார்த்துப் பழகிய மருத்துவரை முன்கூட்டியே தேடி வையுங்கள். நாய்களைப் போல அறுவைக்கு முன் பட்டினி போடச் சொன்னால் அவர் முயலுக்கு ஏற்றவர் அல்ல. வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக்கைத் தொடவே வேண்டாம். வாய்வழி போனால் குடலின் நல்ல கிருமிகளைக் கொன்று முயலையே கொல்லும்.

ஒன்றுக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள். மருத்துவமனை வாசனையோடு ஒன்று மட்டும் திரும்பி வந்தால், நேற்றுவரை நக்கிக்கொடுத்த துணையே அதைக் கடித்துத் துரத்தலாம். உள்நோயாளியாகத் தங்க வேண்டியிருந்தாலும் கூடுமானவரை துணையையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

முயல்களைக் கொல்லும் மிக்ஸோமடோசிஸ் நோய் 1953-இல் பிரிட்டனுக்குள் வந்தது. கொசுவும் தெள்ளும் பரப்பும். முயல்களுக்கு வரும் இன்னொரு கொடிய நோயான இரத்தக்கசிவு நோய் செருப்பில் ஒட்டிய மண்ணிலும் வரும் என்பதால் வீட்டை விட்டு வெளியேறாத முயலுக்கும் ஆண்டுதோறும் ஊசி வேண்டும்.

கோடைப் பள்ளி விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ ஐந்தாறு வாரம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே மாதங்களில்தான் ஈ முட்டையிடும் ஆபத்தும் அதிகம். பின்பக்கம் அழுக்காக இருந்தால் ஈ அங்கே முட்டையிடும். ஒரே நாளில் புழு பொரித்துத் தசையைத் தின்னத் தொடங்கும். எதிர்வீட்டுக்காரர் வந்து புல் போட்டுவிட்டுப் போவது போதாது, தினமும் இரண்டு முறை வாலடியைப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். முயல் விடுதிகள் கோடைக்கு முன்பே நிரம்பிவிடும், ஊசி காலாவதியானால் சேர்க்கமாட்டார்கள். விமான டிக்கெட் போடும் அன்றே விடுதிக்கும் பதிந்து, ஊசித் தேதியையும் பாருங்கள். இரண்டு முயல்களையும் ஒரே இடத்தில் ஒன்றாக வைப்பார்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.