பேச்சில் இல்லாத இறந்தகாலம்

2021 குளிர்காலம். பாரிஸ் புறநகரான சார்செலில் எங்கள் நான்காவது மாடி வீட்டில் என் மகள் நூலகத்துக் கதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் குல்லாய் போட்ட சிறுமியும் ஓநாயும் வரும் கதை. ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்டது. இன்றும் இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். சிறுமி பாட்டி வீட்டு வாசலில் நிற்கிறாள். அடுத்த வரியில் 'தீரா' என்று ஒரு சொல். "இது என்னம்மா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். 'தீரே' என்றால் இழுப்பது. நான் 2011இல் கல்யாணமாகி வந்த புதிதில், அரசு நடத்திய பிரெஞ்சு வகுப்பில் எதிர்காலம் 'ரா' என்று முடியும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். 'பர்லரா' என்றால் பேசுவாள், 'ஃபினிரா' என்றால் முடிப்பாள். அதனால் "கதவு முளையை இழுப்பாள்" என்றேன். அவள் அடுத்த வரிக்குப் போனாள். அங்கே கதவு ஏற்கெனவே திறந்துவிட்டது. "இன்னும் இழுக்கவே இல்லையே, அதற்குள் எப்படித் திறந்தது?"

பதில் பால்கனிப் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. "அது பாசே சேம்ப்ல், ம்மா. இழுத்தாள்." என் மாமனார். அப்போது அவருக்கு 87 வயது. சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே அதன் விகுதிகளை ஏழாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க ஆரம்பித்தார்: "ஏ, ஆ, ஆ, ஆம், ஆத், ஏர்." விரலால் நாற்காலிக் கையில் தாளம் வேறு. முடித்துவிட்டு அடுத்தது: "ஈ, ஈ, ஈ, ஈம், ஈத், ஈர்."

புதுச்சேரியில் அவர் மாதிரி ஆட்களைச் 'சொல்தா' என்போம், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே பள்ளியில் படித்தவர். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்தபோது அவர் ஏற்கெனவே சீருடையில் இருந்தார். வாத்தியார் வாசிக்க வாசிக்கப் பிழையில்லாமல் எழுத வேண்டிய 'திக்தே'யில் உயிரெழுத்தின் மேல் போடும் தொப்பிக் குறி ஒன்று விட்டுப்போனாலும் பிரம்படி விழும் என்பார். எழுபது வருஷம் கழித்தும் அந்த ஆறு விகுதிகளும் அவர் நாக்கில் அப்படியே இருந்தன. நானோ இந்த நாட்டில் பத்து வருஷம் இருந்தும் பாசே சேம்ப்ல் என்ற அந்த இறந்தகாலத்தின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. அந்த 200 மணி நேர வகுப்பு எனக்கு மருந்துக்கடையிலும் பள்ளி வாசலிலும் பேசக் கற்றுத் தந்தது. அங்கே இறந்தகாலம் என்றால் பாசே கோம்போசே. 'ழே பர்லே', பேசினேன். 'இல் ஆ பர்லே', பேசினான். பேச்சுக்கு அது போதும். பாசே சேம்ப்லை இன்று யாரும் பேச்சில் எடுப்பதில்லை. வகுப்பு நடத்தியவர்கள் முதலில் பிழைப்புக்கு வேண்டியதைத் தந்தது சரிதான். ஆனால் பிள்ளைகளின் கதைப் புத்தகத்தில் 'ஒரு நாள்' என்ற சொல் வந்த அடுத்த நொடியே இந்தக் காலம்தான் நம்மைச் சந்திக்கிறது. வீட்டில் பிள்ளையை மடியில் வைத்துப் படித்துக் காட்ட நினைக்கும் அம்மா அங்கேயே தடுக்கி நிற்கிறாள். எனக்கு அது வலித்தது, மறைக்க மாட்டேன்.

அந்த வாரம் முழுக்க இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாமாவிடம் உட்கார்ந்தேன். சுலபமாக இருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 'பர்லே' போல 'ஏ' ஒலியில் முடியும் வினைகள்தான் பிரெஞ்சில் மிகப் பெரிய கூட்டம். அவற்றுக்கு ஒருமைப் படர்க்கையில் ஆ, பன்மையில் ஏர். 'இல் பர்லா', பேசினான். 'இல் பர்லேர்', பேசினார்கள். எழுதும்போது அந்த ஏர் ஒலிக்குப் பின்னால் வாயில் வராத மூன்று எழுத்துகள் நிற்கும். முன்னால் இருக்கும் உயிரெழுத்தின் தலையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு. 'ஃபினீர்' போல 'ஈர்' என்று முடியும் வினைகளுக்கு ஈ, ஈர். விற்பதைச் சொல்லும் 'வாந்த்ர்' வகைக்கும் அதே ஈ, ஈர்தான். அவ்வளவே.

இரண்டு இடங்களில் மட்டும் மாமா என்னை நிறுத்தினார். ஓநாய் சிறுமியைத் தின்றது என்பதற்கு 'மான்ஜா'. அதில் ஜி (g) எழுத்துக்கும் ஏ (a) எழுத்துக்கும் நடுவில் ஓர் இ (e) எழுத்தைச் செருக வேண்டும், இல்லாவிட்டால் 'மான்கா' ஆகிவிடும். ஆரம்பித்தான் என்பதற்கு 'கொமான்ஸா'. அங்கே சி (c) எழுத்துக்கு அடியில் வால் போட வேண்டும், இல்லாவிட்டால் 'கொமான்கா'. பன்மையில் இந்த இ-யும் வேண்டாம், வாலும் வேண்டாம், ஏனென்றால் பின்னால் வரும் ஏ ஒலியே மெய்யை மென்மையாக்கிவிடுகிறது. இது ஓர் ஒழுங்கு. ஒலி மாறக் கூடாது என்பதற்காக எழுத்து மாறுகிறது. புரிந்த பிறகு மறக்கவே இல்லை.

'ஃபினீர்' வகையில் ஒரு சிக்கல் உண்டு. 'இல் ஃபினி' என்றால் முடிக்கிறான் என்றும் ஆகும், முடித்தான் என்றும் ஆகும், எழுத்தும் ஒன்றேதான். பக்கத்தில் உள்ள வினைகளைப் பார்த்துத்தான் காலத்தைப் பிடிக்க வேண்டும். அப்புறம் கதை ஒன்றில் இரண்டு இறந்தகாலங்கள் கைகோத்து நடப்பதையும் அவர்தான் காட்டினார். மழை பெய்துகொண்டிருந்தது, சிறுமி நடந்துகொண்டிருந்தாள் என்பதெல்லாம் எம்பார்ஃபே, பின்னால் விரித்துப்போட்ட துணி மாதிரி. அதன் மேல் ஓநாய் வந்தது, கதவு திறந்தது, பாய்ந்தது, தின்றது என்று ஒவ்வொன்றாக வந்து விழுவது பாசே சேம்ப்ல். பெரோவின் கதை கடைசி வரியில் அப்படித்தான் பாய்ந்து தின்று நின்றுவிடுகிறது. வேட்டைக்காரர் யாரும் வந்து காப்பாற்றுவதில்லை.

இதை மகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது நம் மொழியே கைகொடுத்தது. வீட்டில் 'வந்தாங்க' என்கிறோம். எழுதினால் 'வந்தார்கள்'. செய்தித்தாளில் 'வந்தனர்'. இட்லி தட்டும் நேரத்தில் "விருந்தாளிகள் வந்தனர்" என்று யாராவது சொல்வார்களா? ஆனால் படிக்கும்போது அது உறுத்துவதே இல்லை. "ஏர் என்றால் னர்" என்றேன். 'பர்லேர்', பேசினர். 'எந்த்ரேர்', நுழைந்தனர். தமிழில் இரண்டும் ஒரே இறந்தகாலம்தான், நடைதான் வேறு. அதனால் இந்த ஒப்புமை முழுக்கச் சரியில்லை. ஆனால் அது ஏன் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை டி லைன் ரயிலில் பாரிஸின் கார் து நோர் நிலையம் போய், தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு பக்கத்துத் தெரு வழியாக வந்தோம். ஒரு பள்ளிச் சுவரில் கறுப்புப் பலகை. பாரிஸ் பள்ளிகள் பலவற்றில் உண்டு. 1942 முதல் 1944 வரை, யூதர்களாகப் பிறந்தார்கள் என்பதற்காகவே கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளின் நினைவாக வைத்தது. அந்த வழியாக எத்தனையோ முறை பையைத் தூக்கிக்கொண்டு கடந்திருக்கிறேன், நின்று படித்ததில்லை. மகள் நின்றாள். 'ஃப்யூர்' என்ற சொல்லில் விரல் வைத்தாள். 'இருப்பது' என்னும் வினையின் பாசே சேம்ப்ல், பன்மை. அது விகுதி ஒழுங்குக்கு அடங்காத வினை. அதை மாமா தனியாக மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். அவள் மெதுவாகத் தமிழில் சொன்னாள்: "நாடு கடத்தப்பட்டனர்." 'கடத்தப்பட்டாங்க' என்று சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை. முருங்கைக்காய் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

பள்ளியில் அவளிடம் கேட்டது படர்க்கை வடிவங்களை மட்டும்தான். அதை மாமாவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "நான், நீ, நாங்கள் இல்லாமல் என்ன கதை?" என்று அவள் நோட்டை வாங்கி, கை நடுங்க, சாய்ந்த பழைய எழுத்தில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'நூ ஸாரிவாம் ஆ மார்செய்.' நாங்கள் மார்செய் வந்து சேர்ந்தோம். கப்பலில் வந்த கதை. அந்த ஆம் ஒலியின் தலையில் தொப்பியைத் தனியாக அழுத்திப் போட்டார். கப்பலில் கூட வந்த ஊர்க்காரர்களில் தன்னைத் தவிர எல்லாரும் போய்விட்டார்கள் என்று மகளிடம் சொன்னார்.

நான் வந்ததையும் அப்படி எழுதிப் பார்க்கச் சொன்னாள் அவள். 'ழாரிவே' என்று எழுதினேன். கடைசியில் ஓர் எஸ் சேர்ந்தால் அது எம்பார்ஃபே ஆகி, வந்துகொண்டிருந்தேன் என்று பொருள் தரும். அந்த ஒற்றை எழுத்தைப் போடுவதா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பாசே சேம்ப்ல் முடிந்துபோன விஷயத்துக்கு. இன்றைக்கும் அதற்கும் நடுவில் கயிறு எதுவும் இருக்காது. என் வருகை அப்படி இல்லை. அடித்துவிட்டு, பேச்சில் சொல்வது போலவே 'ழ சுயி ஆரிவே' என்று எழுதிக் கொடுத்தேன். மாமா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "சரிதான், ம்மா," என்று நோட்டை மகளிடம் நீட்டினார்.