மாதச் சிட்டையில் எண்ணெய்க் கணக்கு

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றாலே காரம், மசாலா, பிரஷர் என்று பேசியே பழகிவிட்டோம். கல்பாசியும் அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் பாவம், ஒரு கிலோ கறிக்கு ரெண்டு மூணு துண்டு விழுகிற சாமான்கள். உடம்பைப் பத்து இருபது வருஷத்தில் மெல்ல மாற்றுவது எண்ணெய், உப்பு, அரிசி, இனிப்பு. இன்றைக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இந்த நான்கின் அளவு பிடிபடாது. மாத மளிகைச் சிட்டையை எடுத்துப் பாருங்கள், எல்லாம் அதில் இருக்கும்.

உட்கார்ந்த வேலை பார்ப்பவருக்கு நாளைக்கு 20 முதல் 25 கிராம் எண்ணெய் போதும், நெய்யும் அதற்குள்தான் என்பது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு. மாதத்துக்குத் தலைக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 3 லிட்டர். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய் எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து வருகிறதா? அப்படியானால் தலைக்கு அரை லிட்டர் கூடுதல், அதாவது ஒவ்வொருவருக்கும் மாதம் 4,000 கலோரிக்கு மேல். மரச்செக்கில் ஆட்டியது என்று இதில் தள்ளுபடி கிடையாது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான்.

குறைக்க வேண்டிய இடம் தினசரிக் குழம்பு. எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால்தான் மசாலா வெந்தது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வெந்ததற்கு அடையாளம் பச்சை வாசனை போவது. சோம்பு, மிளகு, மல்லியை வெறும் சட்டியில் வறுத்து அரையுங்கள். தாளிக்க ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். சின்ன வெங்காயத்தைக் கொஞ்சம் உப்புப் போட்டு வதக்கினால் அதன் தண்ணீரே அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஒட்டினால் எண்ணெய்ப் புட்டியைத் தேடாமல் ரெண்டு கரண்டி வெந்நீர் விடுங்கள்.

அரிசி கழுவிய தண்ணீரில் புளியும் மொச்சையும் சேர்த்து வைக்கும் வெண்டைக்காய் மண்டியை இப்படிக் குறைந்த எண்ணெயில் செய்யலாமா என்று தயங்குவார்கள், வழவழக்கும் என்ற பயம். காயைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்து, பெரிய துண்டாக நறுக்கி, அகலச் சட்டியில் மூடாமல் வதக்கினால் நூல் விடுவது நின்றுவிடும். அதற்குப் பிறகு புளி ஊற்றினால் மிச்ச வழவழப்பும் போகும். மொச்சையைத் தனியாக ஊறவைத்து வேகவைத்துத்தான் சேர்க்க வேண்டும். வேகாத மொச்சையில் புளி பட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைப்பாகவே இருக்கும், புளிப்பு தோலை இளக விடாது. அரிசி கழுவிய முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு ரெண்டாம் தண்ணீரைக் கெட்டியாக எடுங்கள். மொச்சையில் புரதம், காயில் நார்ச்சத்து, எண்ணெய் ஒரே கரண்டி. நம் ஊரில் இதைவிட நல்ல தினசரிப் பதார்த்தம் இல்லை என்பேன். கோலா உருண்டைக்குக் கிடைக்கிற மரியாதை இதற்குக் கிடைப்பதில்லை.

பலகாரத்தை விடச் சொல்லவில்லை. விசேஷத்துக்குச் செய்தது தினசரி மாலை டிபனானதுதான் வில்லங்கம். வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் நிற்கிற மட்டும் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது ஆச்சிமார் அளவு. உளுந்து அதற்கு மேல் போனால் பணியாரம் எண்ணெய் குடிக்கும். எண்ணெய் காயாமல் ஊற்றினாலும் குடிக்கும். சட்டியில் ஒரு நேரத்துக்கு ஒன்று ஊற்றுவதற்குக் காரணம் இருக்கிறது: நாலைந்தைச் சேர்த்து ஊற்றினால் சூடு இறங்கிவிடும். ஆனால் எண்ணெய் உள்ளே போவது பெரும்பாலும் சட்டியை விட்டு எடுத்த பிறகுதான். உள்ளே இருக்கும் ஆவி ஆறும்போது மேலே ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதனால் எடுத்த கையோடு ஓட்டைத் தட்டில் சாய்த்து நிறுத்தி வடிய விடுங்கள். தாம்பாளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பது எண்ணெயில் ஊறிப்போகும். பொரித்த எண்ணெயை வடிகட்டி ரெண்டு மூணு நாளுக்குள் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். நுரைத்தாலோ, கறுத்துப் பிசுபிசுத்தாலோ, சீக்கிரமே புகைந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். அதிலேயே புது எண்ணெயை ஊற்றி ஓட்டுவது சிக்கனமில்லை.

உப்புக்கும் சிட்டைக் கணக்கு உண்டு. ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நாலு பேருக்கு மாதம் 600 கிராம், ஒரு கிலோப் பாக்கெட் ஐம்பது நாள் ஓட வேண்டும். இருபத்தைந்து நாளில் தீர்ந்தால் இரட்டிப்பு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், உப்புக்கண்டம், கருவாடு ஆகியவற்றின் உப்பு இதற்கு மேலே. கருவாட்டை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தரம் அப்படியே செய்யுங்கள். குழம்புக்கு உப்பு, கருவாடு வெந்த பிறகு ருசி பார்த்து. இந்துப்பும் சோடியம்தான். பொட்டாசியம் கலந்த சோடியம் குறைந்த உப்பு பலருக்கு நல்லது; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கவுனி என்ற கறுப்பு அரிசிக்குப் பெரிய பேர். நார்ச்சத்தும் கறுப்பு நிறத்துக்குக் காரணமான சத்தும் உண்மை. ஆனால் இனிப்பாகச் செய்யும்போது ஒரு கப் அரிசிக்கு ஒரு கப் சர்க்கரை போட்டு எட்டுப் பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 25 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு முடிந்தால் இதற்குள் நிறுத்துங்கள் என்று சொல்லப்படும் அளவு ஒரே கிண்ணத்தில் முடிந்தது. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி என்றாலும் ரத்தத்தில் ஏறுவது ஏறத்தான் செய்யும். கவுனியை ராத்திரியே ஊறவைத்து உப்புக் கஞ்சியாகவோ, இடியாப்பமாகவோ சாப்பிட்டால் பேருக்கேற்ற பலன். காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை மூன்றும் அரிசிதான் என்பதையும் மறக்க வேண்டாம். மதியம் காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைப் பிறகு தொட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீடு இருப்பவர்களுக்கு வெயில் என்ற சாக்கும் கிடையாது.

இடுப்பளவை மாதம் ஒரு தரம் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எடை சரியாக இருந்தாலும் சர்க்கரை பார்க்க வேண்டும். டெஸ்டுக்கு முந்தைய நாள் மட்டும் பத்தியம் இருப்பவர்களை ஹெச்பிஏ1சி காட்டிக்கொடுத்துவிடும், அது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை. 5.7 முதல் 6.4 சதவீதம் வரை எல்லைக்கோடு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. ரத்தசோகை இருந்தால் இந்த எண் தப்பாகக் காட்டக்கூடும் என்பதால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் ஹீமோகுளோபினையும் அதே நாளில் சேர்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.