எறிந்தவை

எங்கள் ஆய்வுகூடத்தில் இரண்டு கொப்பிகள் இருந்தன. ஒன்று மாத முடிவில் சேர் கையெழுத்து வைப்பது. மற்றது அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் சொருகிக் கிடந்த பழைய சி.ஆர். கொப்பி. மட்டையில் நீல மையால் ‘எறிந்தவை’ என்று மட்டும் எழுதியிருந்தது. 2005 இல் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே ஆய்வுகூட அண்ணை அதைத் தூசு தட்டி என் கையில் தந்தார்.

“பிள்ளை, இண்டையிலயிருந்து இது உம்மடை பொறுப்பு. ஒரு போத்தலும் விடாமல் எழுதும்.”

இழைய வளர்ப்பு பற்றிப் படித்துத்தான் வேலைக்குப் போயிருந்தேன். வாழைக்குட்டி ஒன்றின் உச்சியைச் சீவி எடுத்து, சீனியும் உப்புகளும் ஓமோனும் கலந்து, ஏகார் என்ற கடற்பாசிப் பசையால் இறுக்கின கூழில் வைத்தால் அது பல முளைகளாகப் பெருகும். அவற்றைப் பிரித்துப் பிரித்து மறுபடி வைக்கலாம். சோதனைத்தாளில் இவ்வளவு எழுதினால் முழுப் புள்ளி. அந்தக் கூழ் பூஞ்சணத்துக்கும் நல்ல சாப்பாடு, வாழை ஒரு மில்லிமீற்றர் வளர முன்னம் பூஞ்சணம் போத்தலையே நிரப்பிவிடும் என்பதையும் படித்திருந்தேன்தான். ஆனால் விடிய வந்து கதவைத் திறந்து, தட்டு முழுக்கப் பஞ்சு பிடித்துக் கிடப்பதைப் பார்க்கும்வரை அது வெறும் ஒரு வசனமாகத்தான் இருந்தது.

பெரும்பாலும் ஜாம் போத்தல்களில்தான் வளர்த்தோம். அண்ணை ஒவ்வொன்றாகத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். கறுத்த மா தூவினதுபோல் இருந்தால் அஸ்பெர்ஜில்லஸ், நீலப் பச்சை என்றால் பெனிசிலியம், ரோஸ் நிறத்தில் மினுங்கினால் மதுவம். அவர் பல்கலைக்கழகம் போனவர் இல்லை. அந்தப் பெயர்களையெல்லாம் வேலை செய்துதான் பழகினவர். நான் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். “திறக்காதையும்! அறை முழுக்க வித்தி பறக்கும். மூடினபடியே அவிச்சுப்போட்டுத்தான் கழுவ வேணும்.” சரி என்று தலையாட்டினேன். ஆனால் மூன்று மாதம் கழித்து, ஆருமில்லாத நேரம், ஆசையை அடக்க முடியாமல் ஒன்றைத் திறந்தேன். அடுத்த கிழமை கொப்பியில் இரண்டு பக்கம் எழுத வேண்டி வந்தது. ஏன் என்ற நிரலை மட்டும் வெறுமையாக விட்டேன். இன்றைக்கும் அது வெறுமையாகத்தான் கிடக்கும்.

கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினால் காலநிலை தெரிந்தது. சோளகம் எழும்பும் மாதங்களில் செம்மண் புழுதி யன்னல் இடுக்கால் வந்துவிடும். அந்தப் பக்கங்களில் கறுப்பும் பச்சையும் அதிகம். மாரியில் சுவரே பூஞ்சணம் பிடிக்கும். அப்போது வெள்ளைப் பஞ்சு. எறும்பு ஒரு தனிக் கதை. சீனி மணத்துக்கு வந்து, இறுகாத மூடியால் உள்ளே போய் வெளியே வரும். கூழில் அது நடந்த வழியெல்லாம் இரண்டு நாளில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் முளைக்கும். மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பேணிகளுக்குள் நிறுத்தினோம், குசினியில் அம்மா பால் அலுமாரிக்குச் செய்வதுபோல.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். என்னை அழ வைத்தது மற்றது. கதலிக் குட்டி நாற்பது வைத்திருந்தேன். ஒரு கிழமை சுத்தம். இரண்டு கிழமை சுத்தம். சேருக்குப் பெருமையாகக் காட்டினேன். மூன்றாம் கிழமை முளைகளின் அடியில் மட்டும் நீர்ப்பால் ஊற்றினதுபோல் ஒரு மங்கல் வளையம். பற்றீரியா. வெளியிலிருந்து வந்ததில்லை; வாழைத் தண்டுக்குள்ளேயே குடியிருந்தது. 70 வீத அற்ககோலும் குளோறொக்ஸ் வெளிற்றியும் தோலைத்தான் கழுவும், உள்ளே இருப்பதற்கு ஒன்றும் செய்யாது. நாற்பதில் முப்பத்தொன்று போனது. அதன்பிறகு சதையைக் குறைத்துக் குறைத்து, நடுவில் இருக்கும் உச்சியை மட்டும் எடுக்கப் பழகினேன். சின்னதாக எடுத்தால் சுத்தம் கூடும், பிழைப்பது குறையும். பெரிதாக எடுத்தால் மறுவளம். இடையில் எங்கே கத்தியை நிறுத்துவது என்பதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க இன்றுவரை எனக்குத் தெரியாது. கையைப் பிடித்துக் காட்டத்தான் முடியும்.

வாழைக்கு இன்னொரு குணம், கயர். சட்டையில் பட்டால் சாகும்வரை போகாத அதே கயர்தான். வெட்டின இடத்தில் பீனோல்கள் காற்றுப்பட்டுக் கறுத்து, கூழுக்குள் தேத்தண்ணிச் சாயம்போல் இறங்கும். தான் கக்கின நஞ்சில் தானே செத்துப்போகும். வெட்டினவுடன் அஸ்கோபிக் அமிலக் கரைசலுக்குள் போட வேண்டும், கறுக்கத் தொடங்கினால் புதுக் கூழுக்கு மாற்ற வேண்டும். வாழைக்காய் சீவும்போது அம்மா துண்டுகளை உடனே தண்ணீருக்குள் போடுவதும் இதே காற்றுக்குப் பயந்துதான்.

2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை யுத்தத்தால் மூடப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது சீனி. ஒரு லீற்றர் ஊடகத்துக்கு, அதுதான் அந்தக் கூழுக்கு, 30 கிராம் சீனி வேண்டும். சங்கக்கடையில் சனம் குடும்ப அட்டையோடு விடிய வெள்ளன கியூவில் நின்ற காலம். என் பங்கு வேலைக்கு மாதம் ஒரு கிலோவுக்குக் கிட்டப் போகும். அதில் பாதி பூஞ்சணத்துக்கு. ஒரு நாள் வீட்டில் இதைச் சொல்லிவிட்டேன். அம்மா கையில் பனங்கட்டித் துண்டோடு வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. “சனம் சீனிக்குத் தவிக்குது, நீ பூஞ்சணத்துக்குத் தீத்திக்கொண்டிருக்கிறாய்” என்றா. பதில் சொல்லவில்லை. அதன்பிறகு கொப்பியில் எறிந்த போத்தலுக்குப் பக்கத்தில் போன சீனியையும் கிராமில் குறிக்கத் தொடங்கினேன். சேர் ஒருநாள் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்கவில்லை.

உப்புகளின் கதை வேறு. உலகம் முழுக்கப் பாவிக்கும் எம்.எஸ். ஊடகம், முரஷிகேயும் ஸ்கூக்கும் புகையிலை இழையத்துக்காக 1962 இல் வெளியிட்டது. அதன் பட்டியலில் பெரிய அளவில் நிற்பவை இரண்டு: லீற்றருக்கு 1,900 மில்லிகிராம் பொற்றாசியம் நைத்திரேற்று, 1,650 மில்லிகிராம் அமோனியம் நைத்திரேற்று. ஒன்று வெடிமருந்தில் போடுவது, மற்றது குண்டுக்குப் போடுவது. யுத்த காலத்து யாழ்ப்பாணத்திலிருந்து இந்த இரண்டு பெயரையும் ஒரே கடிதத்தில் எழுதி, வாழைக்குட்டிக்கு வேண்டும் என்று கேட்டால் வாசிப்பவர் என்ன நினைப்பார்? கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். ‘மில்லிகிராம்’ என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டேன். பதில் வரவில்லை. இருந்த போத்தலின் அடியை வழித்து, உப்புகளை அரைப்பங்காக்கி ஓட்டினோம். மெதுவாக வளர்ந்தன, ஆனால் வளர்ந்தன.

தண்ணீருக்குக்கூட மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் ஊறினவை. வடிகருவியின் சுருளில் மாதத்துக்கு ஒரு விரல் தடிப்புக்கு வெள்ளை ஓடு கட்டும். அண்ணை அதைத் தட்டி எடுத்து, “இதைக் கொண்டுபோய் வெத்திலைக்குத் தடவலாம்” என்பார்.

மின்சாரம் சில மணித்தியாலம்தான். பதினாறு மணித்தியால வெளிச்சம், 25 பாகை என்று புத்தகத்தில் இருக்கும். நாங்கள் தட்டுகளை வடக்குப் பார்த்த யன்னலடிக்கு மாற்றினோம். அமுக்க நீராவியில் அவிக்கும் ஓட்டோகிளேவுக்குப் பதில் பின்வளவில் மூன்று கல் அடுப்பு, பனைமட்டை விறகு, வீட்டுப் பிரஷர் குக்கர். 121 பாகை, சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம், இருபது நிமிடம். குக்கரில் குண்டு ஆடினால் கிட்டத்தட்ட அதுதான். குண்டு ஆடத் தொடங்கினால் அண்ணை மணிக்கூட்டைப் பார்க்கமாட்டார், வெற்றிலை போடுவார். ஒரு வெற்றிலை முடிய ஒரு தடவை என்று கணக்கு.

அந்த அடுப்படியில் சேர் ஒருநாள் ஒரு கதை சொன்னார். அவர் வகுப்பில் சொன்ன எதையும்விட எனக்கு அதுதான் நினைவிருக்கிறது. ஐம்பதுகளில் அமெரிக்காவில் ஸ்கூக்கின் ஆய்வுகூடத்தில் மில்லர் என்பவர், கலங்களைப் பிரியச் செய்யும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். ஹெரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த பழைய டி.என்.ஏ. போத்தல் ஒன்று நன்றாக வேலை செய்தது. அது முடிய, புதுப் போத்தல் வாங்கினார்கள். வேலை செய்யவில்லை. புதியதை ஓட்டோகிளேவில் போட்டு அவித்தபிறகு வேலை செய்தது. பழுதாகினதில்தான் பொருள் இருந்திருக்கிறது. 1955 இல் அதற்குக் கைனற்றின் என்று பெயர் வைத்தார்கள். 1957 இல் ஸ்கூக்கும் மில்லரும், ஓட்சின் என்ற ஓமோனும் கைனற்றினும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதுதான் வேரா முளையா என்று தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். சேர் சொல்லி முடிய அண்ணை குக்கரைப் பார்த்து, “அப்ப அவையும் அவிச்சவைதான்” என்றார்.

முளைகளைப் பெருக்கும் எங்கள் பி.ஏ.பி. ஓமோன் தீர்ந்தபோது இளநீருக்குப் போனோம். இதற்கும் வரலாறு உண்டு. 1941 இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளம் முளையங்களை வளர்க்கத் தேங்காய் நீரைத்தான் பாவித்தார்கள். பின்னாளில் அதற்குள் சைற்றோகைனின், அதாவது கைனற்றின் வகை ஓமோன், இருப்பது கண்டறியப்பட்டது. ஆனால் இளநீர் ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு குணம். ஒரு கிழமை முளை குலுங்கும், மறு கிழமை வெறும் வேர். சேருக்கு அது ஆய்வுக்கு உதவாது. எனக்குச் செடிகள் உயிரோடு இருந்ததே போதும். இதில் இன்றைக்கும் எனக்கு அவரோடு உடன்பாடில்லை.

போத்தலுக்குள் வென்றதை வெளியில் தோற்றது ஒருமுறை. நீர்வேலித் தோட்டக்காரர் ஒருவர் கேட்டார் என்று இருபது கன்று கொடுத்தோம். மத்தியான வெயிலில் நட்டார். பின்னேரம் வந்து, “தங்கச்சி, உங்கடை வாழை அவிஞ்சுபோச்சு” என்றார். மூன்று பிழைத்தது. அவரில் பிழையில்லை. போத்தலுக்குள் ஈரப்பதன் கிட்டத்தட்ட நூறு வீதம். அங்கே பிறந்த இலைக்கு மெழுகுத் தோல் ஒழுங்காக இருக்காது. இலைவாய்கள் மூட வேண்டிய நேரத்தில் மூடா. சீனியைத் தின்று வளர்ந்ததால் ஒளித்தொகுப்பும் பெயரளவில். உடற்றொழிலியல் பாடத்தில் ஆவியுயிர்ப்பு என்று மனப்பாடம் செய்த நான், அந்த இருபதும் ஒரு மணித்தியாலத்தில் தலை தொங்கினதைக் கேட்டபிறகுதான் அதை விளங்கிக்கொண்டேன். பிறகு கிடுகுக் கொட்டில் போட்டு, வேரில் ஒட்டின ஏகாரை ஒரு துளி விடாமல் கழுவி, பொலித்தீன் கூடாரத்துக்குள் வைத்து, நாளுக்கு ஒரு விரல் அகலமாகத் திறந்து பழக்கினோம். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். அந்த மூன்றில் ஒன்று குலை போட்டபோது தோட்டக்காரர் ஒரு சீப்புக் கொண்டுவந்து தந்தார். அதை எந்தக் கொப்பியில் எழுதுவது என்று தெரியவில்லை.

கடைசி இரண்டு வருடம் பனை. அது சேரின் ஆசை. வாழைக்குக் குட்டி உண்டு. பனைக்கு ஒரே ஒரு குருத்து, அதை வெட்டினால் மரம் போச்சு. ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாவது நிற்க வேண்டும். நல்ல பெண்பனையைப் பார்த்து அதேபோல் இன்னொன்று எடுக்க வழியே இல்லை. போத்தலில் எடுக்க முடிந்தால்? கைதடியில் பனை ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கும் ஊரில், இந்தக் கேள்வி எங்களுடையது மட்டும் இல்லை.

நாங்கள் முளையத்திலிருந்து தொடங்கினோம். கொட்டையைக் கத்தியால் பிளக்க முடியாது. அண்ணை கோடரியால் போடுவார், நான் சிதறினதைப் பொறுக்குவேன். முளையம் ஒரு சோற்றுப் பருக்கை அளவு. அதிசயமாகப் பல சுத்தமாக வந்தன. வந்து, எல்லாம் கீழ்நோக்கி வளர்ந்தன. பனம்பாத்தி போட்டவர்களுக்கு இதில் புதுமை இல்லை: பனை மேலே வர முன்னம், குருத்தைத் தூக்கிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கும், அதன் வழியில்தான் கிழங்கு விழும். எங்கள் சோதனைக் குழாய்களில் அது இறங்கி, அடிக் கண்ணாடியில் முட்டி, வளைந்து, பாம்புபோல் சுருண்டு நின்றது. பூஞ்சணம் இல்லை, கயர் இல்லை, பற்றீரியா வளையம் இல்லை. எறிய ஒரு காரணமும் இல்லை.

தாவரவியலாளர் ஹபர்லான்ட் 1902 இல் தனித் தாவரக் கலங்களை வளர்க்கப் பார்த்துத் தோற்றதைக் கட்டுரையாகவே எழுதினார். வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன, பெருத்தன, ஒன்றும் பிரியவில்லை என்று. தாவர ஓமோன் பற்றி ஆருக்கும் தெரியாத காலம். அந்தத் தோல்விக் கட்டுரையைத்தான் இன்று இத்துறையின் தொடக்கம் என்கிறோம். எங்கள் பனைக்கு அப்படி ஒரு கட்டுரைகூட இல்லை. சி.ஆர். கொப்பியில் ஒரு பக்கம் உண்டு: “சுத்தம். சுருண்டது. ஆழம் காணாது.”

ஆழம்தானே குறை என்று அண்ணை ஒரு லீற்றர் அளவுச்சாடி ஒன்றைத் தேடி எடுத்துவந்தார். கூழ் ஊற்றி, வாயைப் பஞ்சாலும் ஈயத்தாளாலும் கட்டினோம். 2010, அப்போது கரண்ட் திரும்பியிருந்தது, ஓட்டோகிளேவும் ஓடியது. அதன் மூடியைத் திறந்து சாடியை உள்ளே நிமிர்த்தி வைத்தால் நாலு விரல் வெளியே நின்றது. சரித்துப் பார்த்தோம், கூழ் வாய்ப்பஞ்சைத் தொட்டது. கொஞ்சம் கூழைக் குறைத்து, மறுபடி சரித்து, அவித்து எடுத்தோம். ஆறும்போது நிமிர்த்த மறந்துவிட்டோம். விடியப் பார்க்கக் கூழ் சாய்வாக, ஒரு கரையில் மட்டும் ஆழமாக இறுகிக் கிடந்தது. அண்ணை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எழுதும் பிள்ளை” என்றார்.

மறுபடி காய்ச்சத் தண்ணீர் அளந்துகொண்டே எழுதினேன்.