நெஞ்சுல துப்பாக்கி, பர்ஸ்ல கிரீன் கார்டு: சூப்பர்ஸ்டிஷன் மலை ஏற நான் அலைஞ்ச அலைச்சல்

போன சனிக்கிழமை அரிசோனா சூப்பர்ஸ்டிஷன் மலைல பெரால்டா டிரெயில்ங்கிற நடைபாதை ஏறி, ஃப்ரீமான்ட் சேடில்ங்கிற கணவாய் வரைக்கும் போயிட்டு வந்தாச்சு, முதல் தடவையா துப்பாக்கி வெளில தெரியுற மாதிரி மாட்டிக்கிட்டு. மலை ஏறுனது மூணு நாலு மணி நேரம். அதுக்கு முன்னாடி அலைஞ்சது ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தப் பத்தி தான் சொல்லப் போறேன், ஏன்னா சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேர் "அரிசோனால தான் ஒண்ணும் வேணாமே, வாங்குனா மாட்டிக்கலாம்"னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஏன் வாங்குனேன்னு முதல்ல சொல்லிடுறேன். போன வருஷம் சாயங்காலம் இறங்கி வரும்போது முப்பது அடி தள்ளி பாறை மேல மலைச் சிங்கம் ஒண்ணு உக்காந்து எங்களையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நாங்க கையத் தூக்கி சத்தம் போட்டு மெதுவா பின்னாடியே நடந்து வந்துட்டோம், அதுவும் ஒண்ணும் பண்ணல. ஆனா போன்ல சிக்னல் இல்ல, என் மனைவி கை நடுங்குனது கார்ல ஏறுன அப்புறமும் நிக்கல. மிருகத்த விரட்டுற ஸ்ப்ரே அப்பவும் வச்சிருந்தோம், இப்பவும் வச்சிருக்கோம், அத எடுத்துட்டு துப்பாக்கி வாங்குங்கன்னு நான் சொல்லல. எனக்கு இன்னொன்னும் வேணும்னு பட்டுச்சு, அவ்ளோதான்.

எச்1பில இருக்குறவங்களுக்கு ஒண்ண முதல்லயே சொல்லிடணும். குடியேறாத விசால இருந்தா துப்பாக்கி வாங்குறது மட்டும் இல்ல, கைல வச்சிருக்குறதே ஃபெடரல் சட்டப்படி தப்பு. வேட்டை லைசென்ஸ் வச்சிருக்குறவங்களுக்கு மாதிரி சில விலக்கு இருக்கு, மத்தபடி கிடையாது. வீக்எண்ட்ல ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு ஒண்ண எடுத்து சுட்டுட்டு போட்டோ போடுறவங்கள எனக்கே தெரியும், என் ஃப்ரெண்ட் ஒருத்தன் "வா மச்சான், ஒண்ணும் ஆகாது"ன்னு எத்தனையோ தடவ கூப்பிட்டிருக்கான். கிரீன் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் நான் போகவே இல்ல. பத்து வருஷத்துக்கு மேல வரிசைல நின்னுட்டு ஒரு போட்டோவுக்காக அத தொலைக்க முடியுமா? கிரீன் கார்டு இருந்தாலும் நிம்மதியா இருந்துட முடியாது, துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்துல தண்டனை ஆச்சுன்னா நாடு கடத்துறதுக்கு அதுவே ஒரு தனிக் காரணம்னு குடியேற்றச் சட்டத்துல இருக்கு. சிட்டிசன் பண்ணா அபராதத்தோட போற தப்பு நமக்கு வீடு, வேலை, புள்ளைங்க ஸ்கூல் எல்லாத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். நான் ஒவ்வொரு வாசல்லயும் நின்னு யோசிச்சது அதனால தான்.

மாநிலச் சட்டம் இங்க நெஜமாவே சுலபம். 21 வயசு ஆகி, சட்டப்படி வச்சிருக்கத் தகுதி இருந்தா, வெளில தெரியுற மாதிரி மாட்டிக்க பர்மிட் வேணாம், 2010ல இருந்து மறைச்சு வச்சிக்கவும் வேணாம். கஷ்டம் எல்லாம் வாங்குற எடத்துல தான்.

முதல் நாள் கடை. கிரீன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் ரெண்டையும் நீட்டுனேன். கவுண்டர்ல இருந்தவர் லைசென்ஸ பாத்தாரு, துப்பாக்கி வாங்குறவங்க நிரப்புற 4473ங்கிற ஃபெடரல் ஃபார்ம்ல நான் எழுதுன அட்ரஸ பாத்தாரு, திருப்பிக் குடுத்துட்டாரு. லைசென்ஸ்ல பழைய அபார்ட்மெண்ட் அட்ரஸ். வீடு மாறுனதும் ஆன்லைன்ல அட்ரஸ மாத்திட்டேன், அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சிருந்தேன். ஆன்லைன்ல மாத்துனா அவங்க கம்ப்யூட்டர்ல தான் மாறும், பர்ஸ்ல இருக்குற அட்டைல மாறாது, புது அட்டை வேணும்னா தனியா காசு கட்டி கேக்கணும். போன்ல கரண்ட் பில்ல காட்டுனேன், தலைய ஆட்டிட்டாரு. அரசாங்கம் குடுத்த பேப்பரா இருக்கணும், வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் இருந்தா லைசென்ஸோட சேத்து ஏத்துக்கலாம்னாரு.

சந்தோஷமா வீட்டுக்கு வந்து ரிஜிஸ்ட்ரேஷன எடுத்துக்கிட்டு மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் முடிச்சு டிராஃபிக்ல முக்கால் மணி நேரம் ஓட்டிப் போனேன். இந்தத் தடவ வேற ஆள். பேப்பர பிரிச்சுப் பாத்துட்டு இது உங்க பேரு இல்லியேன்னாரு. வண்டி என் மனைவி பேர்ல இருக்கு. ரெண்டு பேரும் ஓட்டுறது, லோன் அவ பேர்ல எடுத்தது, எனக்கு அந்த நேரத்துல அது தோணவே இல்ல. முந்தின நாள் பேசுனவர் "உங்க பேர்ல இருக்கணும்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நடை மிச்சம். எனக்கு நெஜமாவே கோவம் வந்துச்சு, ஆனா அந்த கவுண்டர்ல கோவத்த காட்டக்கூடாது, ஆளு சரியில்லன்னு அவங்களுக்குப் பட்டா விக்காமயே விட்டுடலாம், அது அவங்க இஷ்டம். நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரியே புது லைசென்ஸ் அட்டைக்கு பணம் கட்டி தபால்ல வர காத்திருந்தேன்.

மூணாவது தடவ அட்ரஸ் சரியாப் போச்சு, இப்ப பேரு. நம்ம பேரு விஷயம் உங்களுக்கே தெரியும், அப்பா பேரு தான் லாஸ்ட் நேம், சில பேருக்கு வெறும் இனிஷியல் மட்டும் இருக்கும். எனக்கு நடுப்பேரு இல்ல, அந்தக் கட்டத்த காலியா விட்டிருந்தேன், காலியா விடக்கூடாதாம், நடுப்பேரு இல்லன்னா என்எம்என்னு எழுதணும், பேர்ல இனிஷியல் மட்டும் தான்னா எழுத்துக்குப் பக்கத்துல ஐஓன்னு எழுதணும். ஃபார்ம்லயே பொடி எழுத்துல போட்டிருக்கு, நிதானமா படிங்க. கிரீன் கார்டுல இருக்குற ஏ நம்பரையும் எழுதணும், போட்டோல பாத்து எழுதாம அட்டையையே கைல வச்சிக்கிட்டு எழுதுங்க. கஞ்சா பத்தி ஒரு கேள்வி வரும், அரிசோனால 2020ல இருந்து பெரியவங்களுக்கு சட்டப்படி ஓகே ஆனாலும் இந்த ஃபார்முக்கு அந்தக் கணக்கு எடுபடாது, ஃபெடரல் சட்டம் தான் செல்லும்னு அங்கயே எச்சரிக்கை போட்டிருக்கு. பொய் எழுதுனா அது தனி குற்றம்.

ஆளப் பத்தி விசாரிக்கிற ஃபெடரல் பேக்ரவுண்ட் செக்குக்கு அனுப்புனாங்க. அஞ்சு நிமிஷத்துல முடியும்னு சொன்னாங்க. என் பக்கத்துல நின்ன தாத்தா ஒருத்தர் நெஜமாவே அஞ்சு நிமிஷத்துல வாங்கிட்டு போயிட்டாரு. எனக்கு 'டிலேட்', அதாவது பதில் தாமதம். சிட்டிசன் இல்லாதவங்களுக்கு குடியேற்ற ரெக்கார்டையும் தனியா தேடிப் பாப்பாங்க, அதுல தான் லேட் ஆகுது. சட்டப்படி மூணு வேலை நாள் ஆகியும் பதில் வரலன்னா கடைக்காரர் விருப்பப்பட்டா குடுக்கலாம், ஆனா இந்தக் கடைல 'ப்ரொசீட்', அதாவது குடுக்கலாம்னு பதில் வந்தா தான் குடுப்போம்னு சொல்லிட்டாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே இத கேட்டு வச்சிக்கிறது நல்லது, கடைக்குக் கடை மாறும். எனக்கு ஒன்பதாவது நாள் போன் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இப்படி மாட்டுதுன்னா வாலண்டரி அப்பீல் ஃபைல்னு ஒண்ணுக்கு விண்ணப்பிச்சு ஒரு நம்பர் வாங்கிக்கலாம், அடுத்த தடவ ஃபார்ம்ல அத எழுதுனா வேற ஆளோட குழப்பிக்க மாட்டாங்க.

க்ளாக் 19ங்கிற கைத்துப்பாக்கி வாங்குனேன். சேஃப் வாங்குனது, ஒரு நாள் வகுப்பு, ரேஞ்சுல நாலு தடவ பழகுனது எல்லாம் தடங்கல் இல்லாம முடிஞ்சுது.

உறை விஷயத்துல காசு வீணாச்சு. முதல்ல இடுப்புல மாட்டுற நைலான் உறை வாங்குனேன். வீட்ல பைய மாட்டிப் பாத்தா பையோட இடுப்பு பெல்ட் சரியா அது மேல தான் உக்காருது, துப்பாக்கி வெளிலயும் தெரியல, கைக்கும் வரல. நாலு லிட்டர் தண்ணி சுமக்குற பைல இடுப்பு பெல்ட் போடாம ஏற முடியாது. அதனால நெஞ்சுல மாட்டுறது தான் வழி. அதுலயும் பையோட நெஞ்சு வார் குறுக்க வரும், அத மேல ஏத்தி வச்சு பாக்கணும். காலித் துப்பாக்கிய மாட்டி வீட்டுக்குள்ளயே உக்காந்து எந்திரிச்சு, குனிஞ்சு ஷூ லேஸ் கட்டி, தரைல தவழ்ந்து பாருங்க, பிடிமானம் இல்லாத உறைன்னா அங்கயே விழுந்துடும். குண்டோட முக்கால் கிலோவுக்கு மேல இருக்கு, ரெண்டாவது மைல்ல தோள்ல தெரியும்.

சனிக்கிழமை. வீட்ல இருந்து குண்டில்லாம பூட்டின பெட்டில வச்சு தான் எடுத்துட்டுப் போனேன். ஸ்கூல் சுத்தி 1,000 அடிக்குள்ள துப்பாக்கி குண்டில்லாம பூட்டின பெட்டிக்குள்ள தான் இருக்கணும்னு ஃபெடரல் சட்டம் இருக்கு, மாநில பர்மிட் இருந்தா விலக்கு, என்கிட்ட இல்ல. எங்க வீட்ல இருந்து ஹைவே போறதுக்குள்ள மூணு ஸ்கூல் வருது. பெரால்டா டிரெயில்ஹெட்ல கார நிறுத்துன அப்புறம் தான் மாட்டுனேன்.

காலைல குளிருக்கு மேல ஒரு விண்ட்சீட்டர் போட்டு ஜிப்ப இழுத்துட்டேன். பார்க்கிங்லயே ஒரு போலீஸ் அதிகாரி வந்துட்டு இருந்தாரு, எங்கள பாத்து நின்னு ஆயுதம் ஏதாவது மறைச்சு வச்சிருக்கீங்களான்னு கேட்டாரு. கேட்டா உண்மையச் சொல்லியே ஆகணும், இது இங்க சட்டம். ஆமாங்க, நெஞ்சுல, ஜாக்கெட்டுக்குள்ளன்னு சொல்லிட்டு ரெண்டு கையையும் பையோட வார்லயே வச்சுக்கிட்டேன். நெஞ்சு அடிச்சுக்கிச்சு. தாடியும் நம்ம நிறமும் துப்பாக்கியுமா ஒரு ஆள பாத்தா அவரு என்ன நெனப்பாருன்னு தான் மனசு முழுக்க ஓடுச்சு, என் மனைவி முகம் வெளுத்துடுச்சு. அவரே துப்பாக்கிய எடுத்து குண்ட இறக்கி பேசி முடிக்கிற வரைக்கும் கைல வச்சிருந்தாரு, அதுக்கும் அவங்களுக்கு உரிமை இருக்கு. லைசென்ஸ், கிரீன் கார்டு ரெண்டும் பாத்தாரு. கிரீன் கார்டு ஒரிஜினல எப்பவும் கூடவே வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு, வீட்ல பத்திரமா வச்சிட்டு வர்றவங்க அதயும் கொஞ்சம் யோசிங்க. நாலு நிமிஷத்துல திருப்பிக் குடுத்துட்டு, மேல வெயில் ஏறும், தண்ணி போதுமான்னு கேட்டுட்டுப் போனாரு. ஜிப் போட்டா அது மறைச்சதா ஆகிடும், இங்க பரவால்ல, பக்கத்து நியூ மெக்சிகோல லைசென்ஸ் இல்லாம அதே ஜிப்ப போட்டா மாட்டிப்போம். கலிஃபோர்னியா பக்கம் இத மாட்டிக்கிட்டு எல்லைய தாண்டவே கூடாது.

ஏத்தம் ரெண்டு மைலுக்குக் கொஞ்சம் மேல, கிட்டத்தட்ட 1,300 அடி உயரம். சேடில்ல ஏறி நின்னதும் எதிர்ல வீவர்ஸ் நீடில்ங்கிற ஊசிப் பாறை நிமிந்து நிக்கும் பாருங்க, அதுக்காகவே ஏறலாம். எதிர்ல வந்தவங்க முக்கால்வாசி பேர் துப்பாக்கிய பாத்ததாவே காட்டிக்கல. ஒரு அம்மா மட்டும் புள்ளைய அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டாங்க, நான் ஓரமா நின்னு வணக்கம் சொல்லி வழி விட்டேன். கூட வந்த தம்பி ஒருத்தன் "அண்ணா, ஒரே ஒரு ரவுண்டு சுட்டுப் பாக்கலாமா"ன்னான். தேசிய வனத்துல மாட்டிக்கிட்டு நடக்கலாம், கண்ட எடத்துல சுட முடியாது, கேம்ப் எடம், கட்டடம், ஆள் இருக்குற எடத்துல இருந்து 150 கெஜத்துக்குள்ள கூடாது, ரோட்டுக்கு குறுக்க கூடாது, கோடைல தீ தடை வந்துட்டா சுத்தமா கூடாது. ஆள் நடக்குற டிரெயில்ல சுடலாமான்னு கேட்டதுக்கே அவன திட்டிட்டேன்.

பெரிய தப்பு நடக்க இருந்தது கீழ இறங்குன அப்புறம். பசில நேரா ஒரு சாப்பாட்டுக் கடை வாசல் வரைக்கும் அப்படியே போயிட்டேன். என் மனைவி தான் சட்டைய பிடிச்சு இழுத்தா. உள்ள பார் இருக்கு. மது பரிமாறுற எடத்துக்குள்ள வெளில தெரியுற மாதிரி போனா குற்றம். திரும்பப் போய் கார்ல பூட்டி வச்சிட்டு வந்தேன், கார்ல சீட்டோட கேபிள் போட்டு கட்டுற பெட்டி இருந்ததால முடிஞ்சுது, இல்லன்னா சாப்பிடாம தான் வீட்டுக்கு வந்திருக்கணும். இதே மாதிரி தான் தேசியப் பூங்காவும். 2010 பிப்ரவரில இருந்து மாநிலச் சட்டப்படி பூங்காவுக்குள்ள எடுத்துட்டு நடக்கலாம், ஆனா விசிட்டர் சென்டர் ஃபெடரல் கட்டடம், வாசல்லயே போர்டு இருக்கும், தண்ணி புடிக்க உள்ள போனாக்கூட ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் போட எடம் இருக்கு. தண்ணிய முன்னாடியே நிரப்பிக்கோங்க. பழங்குடி நிலத்துல மாநிலச் சட்டத்த நம்பிப் போகவே கூடாது, அவங்க சட்டம் தனி. அப்படி பழங்குடி நிலத்துல இருக்குற ஹவாசு ஃபால்ஸ் அருவிக்குப் போறவங்க துப்பாக்கிய வீட்லயே விட்டுட்டுப் போங்க, அங்க ஆயுதமே அனுமதி இல்ல.

இப்ப மாநில பொதுப் பாதுகாப்புத் துறை (டிபிஎஸ்) குடுக்குற, மறைச்சு எடுத்துட்டுப் போறதுக்கான கன்சீல்டு பர்மிட்டுக்கு விண்ணப்பம் போடுறேன். இங்க மலை ஏற அது தேவையே இல்ல, எனக்கு அந்த மூணு ஸ்கூல தாண்டிப் போறதுக்கு வேணும். கைரேகை அட்டை, வகுப்பு முடிச்ச சர்டிபிகேட், 60 டாலர் எல்லாம் எடுத்து வச்சாச்சு. விண்ணப்பத்துல இருக்குற அட்ரஸும் லைசென்ஸ்ல இருக்குற அட்ரஸும் ஒண்ணு தானான்னு என் மனைவி ரெண்டு தடவ சரி பாத்துட்டா, திங்கட்கிழமை தபால்ல போடணும்.