பதிவில் "குழப்படி" என்று எழுதாதீர்கள்

பிள்ளை வகுப்பில் அடிக்கிறான், கடிக்கிறான், கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே ஓடுகிறான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால், பெற்றோர் பலர் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார்கள். அடுத்த கிழமை திரும்பவும் அழைப்பு வரும். அந்த முதற் சந்திப்பிலேயே ஆசிரியர் எழுதிவைக்கும் ஒரு பதிவு கேட்க வேண்டும்: எந்தப் பாடவேளையில், என்ன நடந்த உடனே அப்படிச் செய்தான், பிறகு பிள்ளைக்குக் கிடைத்தது என்ன.

வாயால் கேட்டால் வாயோடு போய்விடும். அதிபருக்குக் கடிதம் எழுதுங்கள், வகுப்பாசிரியருக்கு ஒரு பிரதி. பிள்ளையின் தரம், பிரிவு, நடந்த திகதிகள், பத்துப் பாடசாலை நாள்களுக்குப் பதிவு வேண்டும் என்ற கோரிக்கை, அதைப் பார்த்துப் பேச ஒரு திகதி: இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் அலுவலக முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தரத் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டிவையுங்கள்.

பதிவுத்தாளுக்கு நாலு நிரல் போதும். நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, பிள்ளை செய்தது, பெரியவர்கள் செய்தது. "வேணுமெண்டே செய்தான்", "சொல்வழி கேளான்" போன்றவை எந்த நிரலிலும் வரக்கூடாது. அவை எழுதுபவரின் கோபத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லா. ஒரு வரி இப்படி இருக்கலாம்: "10.15, கணக்குக் கொப்பியைத் திறக்கச் சொன்னது, கொப்பியைக் கிழித்தான், வெளியே நிறுத்தியது." இதே மாதிரி ஐந்து வரி சேர்ந்தால் கடைசி நிரல் கதையைச் சொல்லிவிடும். பிள்ளைக்குக் கணக்கிலிருந்து தப்ப வழி தெரிந்திருக்கிறது. தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அவனுக்குப் பரிசு. வேறொரு பிள்ளைக்கு ரீச்சர் திரும்பிப் பார்ப்பதே தேவையாக இருக்கும். இன்னொருவருக்கு ஒலிபெருக்கியின் இரைச்சல் தாங்காது. செய்கை ஒன்றாக இருந்தாலும் வைத்தியம் மூன்று விதம்.

அமைதியாக இருந்த பாடவேளைகளையும் குறிக்கச் சொல்லுங்கள். சித்திரத்தில் ஒரு சண்டையும் இல்லை என்பதும் தகவல்தான்.

அதிகம் பிழை வரும் இடம், நாள் முடிவில் நினைவிலிருந்து எழுதுவது. "முழு நாளும் குழப்படி" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். நாற்பது பிள்ளைகளோடு நிற்கும் ஆசிரியரிடம் நாள் முழுக்க எழுதச் சொல்வதும் நியாயமில்லை. மோசமான ஒரு பாடவேளையையும் நல்ல ஒரு பாடவேளையையும் மட்டும் கேளுங்கள். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவர் பின்வாங்கில் இருந்து பார்த்து எழுதலாம்.

இதற்கிடையில் உடம்பையும் பார்க்க வேண்டும். காது, கண், பல்வலி, நித்திரை. சில விநாடி வெறித்துப் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு அது வலிப்பாகவும் இருக்கலாம். இரவு வரை ரியூசன் ஓடும் பிள்ளை காலையில் எரிந்து விழுவதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழமையாக 1, 4, 7, 10 ஆம் தரங்களுக்கு நடக்கும். மற்றத் தரமென்றால் காத்திராமல் நீங்களே கொண்டுபோங்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. பதிவுத்தாளின் பிரதி கையில் இருக்கட்டும்: வைத்தியரின் அறையில் பல பிள்ளைகள் சாதுவாக இருந்துவிடுவார்கள். "முதல்ல டொக்டர் கடிதம் கொண்டு வாங்கோ" என்று பள்ளிக்கூடம் சொன்னால், பதிவும் வைத்தியப் பரிசோதனையும் சமகாலத்தில் நடக்கலாம் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

இரண்டு கிழமையில் பதில் இல்லையென்றால் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் முத்திரையிட்ட பிரதியோடு போங்கள். யாழ். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று வலயம் ஐந்து. பார்க்க வேண்டியது பாடசாலை இருக்கும் வலயம், வீடு இருக்கும் வலயமல்ல. "ரெண்டு போட்டால் சரியாகும்" என்று யாராவது சொன்னால், உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கையைச் சொல்லலாம்.

காரணம் தெரிந்தபின் திட்டம் சிறியதாக இருக்கட்டும். கணக்கிலிருந்து தப்புகிற பிள்ளைக்கு ஒரு அட்டை கொடுத்து, அதைக் காட்டினால் இரண்டு நிமிட ஓய்வு, திரும்பி வந்து பத்துக்குப் பதில் மூன்று கணக்கு. பழைய வழி பலிக்காதபோது முதல் சில நாள் பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பல திட்டங்கள் கைவிடப்படுவது அந்தக் கிழமையில்தான். இதை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாலு கிழமை கழித்து, அதே தாளில், அதே இரண்டு பாடவேளைகளை மறுபடி பதியச் சொல்லுங்கள்.